அரிசிப் பானைக்குள் ஒரு சீட்டு

காட்பாடி ஜங்ஷனைத் தாண்டி மேற்கே செல்லும் ரயிலில் பிரயாணம் செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். குடியாத்தம், மேல்பட்டி, பச்சக்குப்பம் என்று ஸ்டேஷன்கள் கழிந்த பிறகு, ஆம்பூர் வருகிறது என்பதைப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை, மூக்கே சொல்லிவிடும். வண்டியிலுள்ளவர்களில் பாதிப் பேர் தோலின் வாடைக்காகக் கைக்குட்டையை எடுப்பார்கள். மற்றப் பாதிப் பேர் பிரியாணியின் வாசனை வருகிறதா என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார்கள். நான் எந்தப் பாதியைச் சேர்ந்தவள் என்பதை இங்கே சொல்வதாக உத்தேசமில்லை.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய இவ்வூர்களெல்லாம் தோலினால் பிழைக்கும் ஊர்கள். பழைய வட ஆற்காடு ஜில்லாவில் ஒன்றாயிருந்தவை, 2019-ம் வருஷம் வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தபோது ஜில்லாவுக்கு ஜில்லா சிதறிவிட்டன. ஆனாலும் தொழில் ஒன்றுதான். ஐரோப்பாவில் பனியிலே நடப்பவர்களின் பாதரக்ஷைகளை நம் பாலாற்றங்கரைப் பெண்கள் தைக்கிறார்கள். விடிவதற்கு முன்பே சமையலை முடித்து, டிபன் பாக்ஸை மூடி, கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலை ஓரத்தில் கூட்டங் கூட்டமாக நிற்கும் அந்தப் பெண்களை அவ்வழியே போகிறவர் யாரும் பார்க்காமலிருக்க முடியாது.

என் பால்ய சிநேகிதியின் மகளை ஆம்பூரில் கொடுத்திருக்கிறது. வயது 26. மூத்த பையனுக்கு மூன்று வயது. இளைய பெண்ணுக்கு ஏழு மாதம். முதல் பிரஸவம் வரையில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் இருந்தவள். கணவன் இன்னொரு கம்பெனியில் தோல் வெட்டுகிறான். சென்ற மாதம் அந்த வீட்டுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய்ச் சேர்ந்தேன். விருந்தாளி வந்துவிட்டாளே என்று மாமியார் அம்மாள் எழுந்து, "நீ குழந்தையைப் பாரும்மா, நான் உலை வைக்கிறேன்" என்று சமையலறைக்குள் போனார். பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம் அத்தை, நான் வைக்கிறேன்" என்று அவள் எழுவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. அரிசிப் பானைக்குள் கையை விட்ட மாமியாரின் கையில் அழாக்கோடு ஒரு காகிதமும் வந்தது.

அது ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு. வெறும் வயிற்றில் இரத்தத்தில் சர்க்கரை 168. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 274. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரீக்ஷையில் 9.1 சதவிகிதம். பதினெட்டு நாட்களாக அந்தச் சீட்டு அரிசிக்குள் கிடந்திருக்கிறது. வீட்டில் அரிசிப் பானையைத் திறக்கிறவள் அவள் ஒருத்திதானே, அதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று நினைத்தாளாம்! சர்க்கரை வியாதிக்காரி தன் இரகசியத்தை அரிசியில் ஒளித்து வைத்ததில் உள்ள வேடிக்கை அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"இந்த வயசிலே சர்க்கரையா? அது கிழடுகளுக்கு வர்றதாச்சே" என்றார் மாமியார். பெண் விம்மி விம்மி அழுதாள். நான் இடையில் உட்கார்ந்திருந்தேன்.

மாமியார் அம்மாள் கேட்ட கேள்வியில் தப்பொன்றுமில்லை. நம்மில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாம் உண்ணும் சோறு குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் என்னும் அவயவத்தில் சுரக்கும் இன்ஸுலின், கதவைத் திறந்துவிடும் சாவியைப் போல, அந்தக் குளுக்கோஸைத் தசைகளுக்குள் அனுப்புகிறது. கர்ப்ப காலத்தில் நச்சுக்கொடியில் ஊறும் சில சுரப்புகள் இந்தச் சாவியை மக்கச் செய்துவிடுகின்றன. கணையம் இரட்டிப்பு வேலை செய்து ஈடு கொடுத்தால் ஒன்றும் தெரியாது. ஈடு கொடுக்க இயலாத பெண்களுக்குக் கர்ப்ப கால நீரிழிவு உண்டாகிறது. குழந்தை பிறந்து நச்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். எல்லோரும் "போய்விட்டது" என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அது போகவில்லை. சற்றே ஒதுங்கி நிற்கிறது. இப்படி ஒருமுறை கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக வியாதி வருவதற்குள்ள வாய்ப்பு மற்றப் பெண்களைக் காட்டிலும் ஏழு மடங்குக்குக் குறையாது என்று வைத்திய ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன.

நம் சிநேகிதியின் மகளுக்கு நடந்ததும் இதுவே. மூத்த பையனைச் சுமந்தபோது சர்க்கரை இருந்தது. பிரஸவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் மறுபடியும் பரீக்ஷை செய்துகொள்ள வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆறாவது வாரத்தில் அவள் தாய் வீட்டில் பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு புக்ககம் வந்தாள். பிறகு குழந்தைக்கு ஜுரம். பிறகு இரண்டாவது கர்ப்பம், மாத்திரையினால் சமாளித்தது. இரண்டாவது ஆறாவது வாரமும் போய்விட்டது. ஏழாவது மாதத்தில் தாகம், களைப்பு, காலில் ஆறாத ஒரு சிறு கொப்புளம். அப்போதுதான் போய்ப் பார்த்தாள்.

இதில் யாரைக் குறை சொல்வது? கர்ப்பிணியாயிருக்கும்போது ஊரே அவளைக் கவனிக்கிறது. குழந்தை பிறந்த மறுநாள் முதல் கவனமெல்லாம் தொட்டிலுக்குப் போய்விடுகிறது. குழந்தையின் தடுப்பூசித் தேதி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தாயின் பரீக்ஷைத் தேதி ஒருவருக்கும் நினைவிலில்லை. என்னைக் கேட்டால், குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் தடுப்பூசி போடப் போகிற அதே தினத்தில் தாயின் இரத்தத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பேன். இரண்டு தடவை பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இரண்டு தடவை மாமியாரிடம் உத்தரவு கேட்கவும் வேண்டாம். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை பார்த்து வந்தால் போதும்.

தமிழ் நாட்டில் இதற்கு வழி இல்லாமலில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-ல் நீரிழிவுக்கென்றே தனித் துறை ஏற்படக் காரணமாயிருந்தவர் டாக்டர் வி. சேஷய்யா. கர்ப்பிணிகள் யாவருக்கும் சர்க்கரைப் பரீக்ஷை வேண்டும் என்று விடாமல் மன்றாடியவர். வெளிநாட்டு முறைப்படி வெறும் வயிற்றில் வரச் சொன்னால், பஸ் ஏறி வருகிற கிராமத்துக் கர்ப்பிணி மயங்கி விழுவாள், அல்லது வரவே மாட்டாள். ஆகையால், சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை இரத்தத்தைப் பார்ப்பது. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் வைத்தியம் தொடங்குவது. இந்த எளிய முறையை அவரும் அவர் கூட்டத்தாரும் பரப்பினார்கள். 2007-ல் தமிழ் நாட்டு ஸர்க்கார் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இப்பரீக்ஷையைக் கட்டாயமாக்கி உத்தரவிட்டது. ஆக, கண்டுபிடிக்கும் காரியம் நன்றாகவே நடக்கிறது. கண்டுபிடித்த பின் கைவிடும் காரியம்தான் நம் வீடுகளில் நடக்கிறது.

நிற்க. அழுதுகொண்டிருந்த பெண்ணை நான் மறந்துவிடவில்லை. அவளுக்கிருந்த பெரிய பயம் என்ன தெரியுமா? உயிரைப் பற்றிய பயமல்ல. "என் பால்லே சர்க்கரை போய்க் குழந்தைக்கும் வந்துடுமா பெரியம்மா? பாலை நிறுத்திடணுமா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அம்மாள் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறாள். இதைப் படிக்கும் ஒவ்வொரு பாட்டியும் கவனிக்க வேண்டும்: பாலை நிறுத்தக் கூடாது. நீரிழிவு பாலின் வழியாகத் தொற்றுவதல்ல. அவளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரையும் சரி, இரவு போட்டுக்கொள்ளச் சொன்ன இன்ஸுலினும் சரி, குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. தாய்ப்பால் கொடுப்பது தாயின் சர்க்கரையையும் சற்று இறக்குகிறது.

அந்த இறக்கத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். நள்ளிரவில் இன்ஸுலினும் வேலை செய்து, குழந்தையும் பால் குடித்தால், சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடுவதுண்டு. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருளும். அப்போது முதலில் குழந்தையைத் தொட்டிலில் விட வேண்டும். பிறகு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தத்தைப் பார்க்க வேண்டும். தலைமாட்டில் ஒரு சிறு டப்பாவில் சர்க்கரையும், பால் கொடுக்குமுன் வாயில் போட்டுக்கொள்ள ஒரு பிடி சுண்டலும் இருந்தால் நல்லது. சர்க்கரை வியாதிக்காரியின் தலைமாட்டில் சர்க்கரை டப்பா இருப்பதைப் பார்த்துக் கணவன் கோபித்துக்கொண்ட கதைகளும் உண்டு. அவனுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

இன்ஸுலின் என்றதும் மாமியார் அம்மாள் பதறினார். "ஊசின்னா கடைசிக் கட்டமில்லையா?" என்றார். ஊசி கடைசிக் கட்டமல்ல. இன்ஸுலின் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதை நினைத்தால் இந்தப் பதற்றம் போய்விடும். 1921-ம் வருஷம் கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இரு இளைஞர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் மரணப் படுக்கையில் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவன் முதன் முதலாக அதைப் பெற்றான். அதற்கு முன் நீரிழிவு கண்ட இளம் பெண்கள் கருத்தரிப்பதே அபூர்வம். தரித்தாலும் தாய்க்கும் சேய்க்கும் பெரிய ஆபத்து. கண்டுபிடித்தவர்கள் தங்கள் உரிமையைச் சர்வகலாசாலைக்கு ஒரு டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஆம்பூரில் ஒரு டாலருக்குச் செருப்பின் வார் கூட வராது! அந்தப் பாண்டிங் பிறந்த நவம்பர் 14-ந் தேதியை உலகமெங்கும் நீரிழிவு தினமாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கோ அது ஜவாஹர்லால் நேருவின் பிறந்த நாள், குழந்தைகள் தினம். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் அன்று அவர்களுடைய தாய்மாருக்கு இரத்தப் பரீக்ஷை செய்து வைத்தால் இரண்டு விழாவும் ஒன்றாய் நடந்துவிடும்.

ஊசி போடுவதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. நம் நாட்டில் குப்பியில் வரும் மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளதாகவும் இருக்கும், 100 யூனிட் உள்ளதாகவும் இருக்கும். முன்னதற்குச் சிவப்பு மூடி போட்ட ஊசி. பின்னதற்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு பிசகிவிடும். கடைக்காரர் கொடுத்தார் என்று வாங்கிக்கொண்டு வராமல் நிறத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, வேலூர் வெயில். சித்திரை வைகாசியில் அந்தப் பிரதேசத்தில் ஓட்டு வீட்டுக்குள் இருப்பதற்கும் அடுப்புக்குள் இருப்பதற்கும் அதிக வித்தியாசமில்லை. இன்ஸுலின் அந்தச் சூட்டில் கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண் சட்டியில் ஈர மணலைப் பரப்பி, நடுவில் ஒரு சிறு பானையை வைத்து, மருந்தை அதற்குள் வைக்கலாம். பெட்டி உள்ளவர்கள் ஐஸ் உறையும் தட்டில் வைத்துவிடக் கூடாது. உறைந்த மருந்து பிரயோஜனப்படாது.

அப்புறம் ஆவாரம்பூ. இந்தக் கட்டுரையில் அது வராமலிருக்க முடியாது. ஏனென்றால் இந்தப் பிரதேசத்தின் செல்வமே ஒரு காலத்தில் ஆவாரையிலிருந்துதான் வந்தது. குரோமிய உப்பு வருவதற்கு முன் நம்மவர்கள் ஆவாரம் பட்டையைக் கொண்டே தோலைப் பதனிட்டார்கள். அதே செடியின் பூவைக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை போய்விடும் என்பது ஊர் வழக்கு. ஆவாரை இருக்கும்போது சாவேது என்று பழமொழியே இருக்கிறது. மாமியார் அம்மாள் மறுநாள் காலையிலேயே ஒரு மடி நிறையப் பூப் பறித்துக்கொண்டு வந்துவிட்டார். சர்க்கரை போடாமல் ஒரு வேளை குடித்தால் காப்பிக்குப் பதிலாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கஷாயம் குடிப்பதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினால், தோலைப் பதனிட்டது போல உடம்பைப் பதனிட்டுக் கொண்டு போய்விடும். இதை நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு விஷயம் எல்லாவற்றிலும் கஷ்டமானது. நம் வீடுகளில் இளம் மருமகள் கடைசியில் சாப்பிடுகிறவள். காலையில் ஒரு டம்ளர் தித்திப்புக் காப்பி, பதினோரு மணிக்கு நேற்றைய சோறு, மாலை மூன்று மணிக்கு மிஞ்சிய சோறு மலைபோல், இரவு பத்து மணிக்குக் குழந்தை மிச்சம் வைத்தது. இவளுக்குத் தனியாக "டயட்" எழுதிக் கொடுத்து என்ன பயன்? வீடு முழுவதும் ஒரு மாதிரி சாப்பிட, அவள் மாத்திரம் ஒரு மூலையில் கேழ்வரகுக் களியை விழுங்க வேண்டுமென்றால் எத்தனை நாள் நடக்கும்? கேழ்வரகிலும் மாவுச் சத்து உண்டு. கூழாய்க் கரைத்துக் குடித்தால் அதுவும் சடுதியில் சர்க்கரையை ஏற்றும். கோதுமை என்பதற்காக ஆறு சப்பாத்தி சாப்பிடுவதும் அப்படியே. அளவுதான் முக்கியம். தட்டில் பாதி கீரையும் காயும், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மிச்சக் கால் பங்கில் சோறு. சோறு எடுக்கும் கரண்டி இரண்டு தடவைக்கு மேல் பானைக்குள் போகக் கூடாது. வேலூர் ஜில்லாவின் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. பிரியாணிக்குத் துணையாக மாத்திரம் அதைத் தொட்டுக்கொள்ளாமல், கத்தரிக்காயை நிறைய வைத்துக்கொண்டு பிரியாணியைத் தொட்டுக்கொண்டால் சரியாய்விடும். ஆம்பூர்க்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

விரதமும் ரம்ஜான் நோன்பும் இந்தப் பக்கத்து வீடுகளில் தவறாமல் நடப்பவை. ஊசி போட்டுக்கொண்டு பால் கொடுக்கும் தாய் டாக்டரைக் கேளாமல் பட்டினி இருக்கக் கூடாது. நோயாளிக்கு மார்க்கமே விலக்கு அளித்திருக்கிறது.

அடுத்த குழந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவின் இருதயமும் முதுகெலும்பும் முதல் எட்டு வாரங்களிலேயே உருவாகிவிடுகின்றன. அதாவது பல பெண்கள் தாங்கள் கர்ப்பமென்று அறிவதற்கு முன்பே. ஆகவே சர்க்கரை உள்ளவள் கர்ப்பமான பிறகு டாக்டரிடம் போவது தாமதமே. சில மாதங்கள் முன்னதாகவே சர்க்கரையை அடக்கி, ஃபோலிக் அமில மாத்திரையும் தொடங்கிய பின்னரே கருத்தரிக்க வேண்டும். அதுவரையில் தள்ளிப் போடுவது கணவனும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம். இதைப் பெண்ணிடம் மட்டும் சொல்லி அனுப்புவதில் அர்த்தமில்லை.

இவ்வளவுக்கும் வேலூரைப் போன்ற இடம் கிடைக்குமா? ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் கதையை நேயர்கள் அறிந்திருப்பார்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து தங்கள் மனைவியரின் பிரஸவத்துக்கு உதவி கேட்டார்கள். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்றார்கள். பெண் டாக்டர் இல்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அந்த இரவின் காரணமாகவே அவர் வைத்தியம் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி ஏற்படுத்தினார். இன்று அது இந்தியாவெங்கும் அறிந்த கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி. அன்று அந்த மூன்று பெண்களைக் கொன்றது வியாதி மாத்திரமல்ல, வீட்டின் வெட்கமுந்தான். அரிசிப் பானைக்குள் சீட்டைப் புதைத்ததும் அந்த வெட்கத்தின் தங்கைதான் என்று எனக்குத் தோன்றியது.

காலில் இருந்த கொப்புளத்தைச் சொன்னேனல்லவா? அதற்கும் வேலூரில் ஒரு சரித்திரம் உண்டு. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-ல் வேலூர் வந்து குஷ்டரோகிகளிடையே வேலை செய்தார். அவர்களுடைய விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமையினால் காயமும் கொப்புளமும் கவனிக்கப்படாமல் போய்த்தான் அழிகின்றன என்று கண்டார். அவரும் வேலூர், கரிகிரி ஊழியர்களும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகளைச் செய்து பார்த்தார்கள். பிறகு அவர் 1966-ல் அமெரிக்கா சென்றபோது, வலியறியாத நீரிழிவுக்காரர்களின் கால்களுக்கும் அதே பாடம் பொருந்துவதைக் காட்டினார். உலகத்துக்கு அந்தப் பாடம் போனது நம் ஊரிலிருந்து. நம் ஊர்ப் பெண்களோ பிறர் கால்களுக்கு நாளெல்லாம் தைத்துவிட்டு, வீட்டில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். இரவில் ஒரு நிமிஷம் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்ப்பது, செருப்புக்குள் கல் கிடக்கிறதா என்று உதறிப் போடுவது, வருஷத்துக்கு ஒரு முறை கண்ணின் உட்படலத்தையும் சிறுநீரையும் பரீக்ஷிப்பது — இவ்வளவுதான் வேண்டியது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நம் தேசத்தில் நீரிழிவுடன் வாழ்கிறவர்கள் சுமார் 10 கோடிப் பேர். அத்தனை பேருக்கு இடையில் ஓர் ஆம்பூர்ப் பெண்ணுக்கு மாத்திரம் என்ன வெட்கம்? இதை நான் அவளிடம் சொன்னேன். அவள் பாதிதான் ஒப்புக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் போனேன். அரிசிப் பானையின் மேல் புதிதாக ஒரு அழாக்கு கவிழ்த்து வைத்திருந்தது, முன்னிருந்ததைவிடச் சிறியது. "யார் வாங்கினது?" என்று கேட்டேன். பெண் மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். சீட்டு இப்போது பானைக்குள் இல்லை. கூடத்துச் சுவரில், நாட்காட்டி தொங்கும் ஆணியிலேயே குத்தி வைத்திருக்கிறார்கள். நாட்காட்டியில் அடுத்த மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் கோணலாக ஒரு வட்டம். அன்று கண் பரீக்ஷை. எழுத்து வாசனை இல்லாத மாமியார் அம்மாள் போட்ட வட்டம் அது.

"அன்னிக்கு நான் குழந்தைகளைப் பார்த்துக்கிறேன். நீயும் உன் புருஷனும் முதல் வண்டிக்கே போயிடுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே ஷிப்டு முடிந்த கம்பெனி பஸ் வந்து நின்று, வாசல் வாசலாகப் பெண்களை இறக்கிக்கொண்டிருந்தது.